கேனைனா, ஃபீலைனா?

நாயைச் சார்ந்ததைச் சொல்லும் கேனைன் (canine), பூனையைச் சார்ந்ததைச் சொல்லும் ஃபீலைன் (feline) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் வால் ஒன்றுதான்: ‘சார்ந்த’ என்று பொருள்தரும் லத்தீன் ‘இனுஸ்’. தலைதான் வேறு. கேனிஸ் என்றால் நாய், அதிலிருந்து கேனைன். ஃபேலிஸ் என்றால் பூனை, அதிலிருந்து ஃபீலைன்.

நாய்ச் சொல்லுக்குத்தான் ஊர்சுற்றும் குணம் அதிகம். நம் கோரைப்பல்லுக்கு ஆங்கிலத்தில் கேனைன் என்றே பெயர். கண்ணாடி முன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நடுவிலிருந்து மூன்றாவது, கூராக இருக்கும். (பூனைக்கும் அந்தப் பல் உண்டு, பெயரென்னவோ நாய்க்குப் போய்விட்டது.) கேனரித் தீவுகளின் பெயருக்கும் இதே வேர்தான். மஞ்சள் கேனரிக் குருவி அந்தத் தீவின் பெயரை வாங்கிக்கொண்டது. ஆக, குருவிக்கு நாயின் பெயர்!

ஃபீலைன் அவ்வளவு அலையவில்லை. ஆனால் ஒருவரின் ஓசையில்லாத, நெளிவான நடையைச் சொல்ல அதுதான் கைகொடுக்கும். கேனைன் நடை என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.