கப்பியா, மோட்டரா? எங்கள் கிணத்தடிக் கணக்கு

இந்த வைகாசியில் மோட்டர் இரண்டாம் தரமும் எரிந்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் “நாளைக்கு வாங்கோ அண்ணை” என்றே பத்து நாள் போக்காட்டினார்கள். வேறு வழியில்லாமல் மாட்டுக் கொட்டிலுக்குள் கிடந்த பழைய கப்பியை எடுத்து எண்ணெய் விட்டு மாட்டினேன். மோட்டர் வந்த பிறகும் கப்பியைக் கழற்றவில்லை.

வசதி என்று பார்த்தால் மோட்டர்தான், அதில் பேச்சே இல்லை. அம்மாவுக்கு 74 வயது, அவவை வாளி இழுக்கச் சொல்ல ஏலாது. செலவில் கப்பி வெல்லும். அதற்குக் கேட்பது கொஞ்ச எண்ணெயும் கயிறும்தான். வாளி அறுந்து விழுந்தால் பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கவேணும், அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் அளந்தே பார்த்தேன். மோட்டர் ரியூப்பைப் பிடித்தால் 20 லீற்றர் வாளி 30 செக்கனில் நிரம்புது. சவர்க்காரம் போடும்போதும் நிற்பாட்டாமல் பத்து நிமிசம் குளித்தால் 400 லீற்றர். கப்பி வாளி 8 லீற்றர் கொள்ளும். பன்னிரண்டு வாளியோடு கை “காணும்” என்று சொல்லிவிடும், அது நூறு லீற்றர்கூட இல்லை. தாங்கி நிரம்பி ஒழுங்கையில் வழிந்ததெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் படலையில் நின்று “மாமா, ஆறு ஓடுது!” என்று கத்தின பிறகுதான் பலநாள் சுவிச் ஞாபகம் வரும்.

ஆனால் என்னை மாற்றியது லீற்றர் கணக்கல்ல. மோட்டர் இருந்த காலத்தில் நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை. கப்பி மாட்டின அன்று, வாளி தண்ணீரைத் தொடும்போது கை பிடித்த இடத்தில் கயிற்றில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டினேன். ஆவணியில் அந்தத் துணி கையைத் தாண்டி இரண்டு முழம் கீழே போனது.

அது ஏன் பயமென்றால், யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரிக்குத்தான் ஓடும். ஐப்பசி தொடங்கிப் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்குது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்ன வயதிலேயே கேட்டிருப்பீர்கள். நீரியல்காரரின் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மோட்டர் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பாட்டம் எழும்புது. வாளியால் அள்ளினால் ஊற்றுக்கு ஊற நேரம் கிடைக்கும்.

போன ஆவணியில் எங்கள் தேத்தண்ணி கரித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. இந்த முறை அவ்வளவு மோசமில்லை. கப்பியாலா, போன மாரி நல்லாய்ப் பெய்ததாலா என்று அடித்துச் சொல்லமாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு அங்குல பம்ப் விடிய விடிய இறைக்கும்போது என் ஒரு வாளி எந்த மூலைக்கு? தோட்டக்காரரைக் கப்பிக்கு வரச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

“தாளையடியில் கடல்தண்ணியை நல்லதண்ணி ஆக்கிற நிலையம் 2024இலேயே திறந்தாச்சு, இனியென்ன?” என்கிறார் மச்சான். உப்பைப் பிரிக்க எவ்வளவு கரண்ட் குடிக்குது! அந்தத் தண்ணீரையும் பல்லு விளக்கி முடியும்வரை ஓடவிடவா?

இப்போது அம்மாவின் குளியலறைக்காகக் காலையில் மட்டும் மோட்டர், தாங்கிக்குள் மிதவைச் சுவிச்சும் போட்டாச்சு. நாங்கள் குளிப்பது கிணத்தடியில். அந்தத் தண்ணீர் வாய்க்காலால் வாழைக்கும் கமுகுக்கும் போகுது. இனிக் கயிறு மாற்றவேணும். நைலோன் ஈரக் கையில் வழுக்குது. தும்புக் கயிறு பிடிக்க நல்லது, ஆனால் ஒரு மாரியோடு இற்றுப்போகும் என்கிறார் கடைக்காரர்.