மாமியார் வீட்டு டச்சு வம்சத்தைத் தேடின ஆறு வருஷ அனுபவம்

நான் மிச்சிகன்ல கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் வாக்கப்பட்டு வந்தவ, வீட்டுக்காரரோட முன்னோர் நெதர்லாந்துல இருந்து வந்து பல தலைமுறை ஆச்சு. மாமியார்கிட்ட பரம்பரையா வந்த ஒரு கனமான டச்சு பைபிள் இருக்கு. முன்பக்கத்துல பிள்ளைங்க பிறந்த தேதிய எல்லாம் கையால எழுதி வெச்சிருக்காங்க, ஆனா ஊர் பேர் எங்கயும் இல்ல. அதுல பீட்டர்ங்கிற பேர் மட்டும் மூணு தடவ, 1859, 1861, 1864. எழுதினவங்க ஏதோ தப்பா எழுதிட்டாங்கன்னுதான் குடும்பத்துல எல்லாரும் சொல்லுவாங்க. அந்த மூணு பீட்டர் யாருன்னு கண்டுபிடிக்கத்தான் நான் உக்காந்தேன், ஆறு வருஷம் ஓடிப்போச்சு. புதுசா இறங்குறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

முதல் வேலை நெதர்லாந்து சைட்டுக்குப் போறது இல்ல, அமெரிக்கப் பக்கத்துலயே ஊர் பேரப் பிடிக்கிறது. நான் இங்கதான் எட்டு மாசத்தை விட்டேன். 1864-ல பிறந்த பீட்டர் மாமியாரோட கொள்ளுத்தாத்தா, அவரோட இரங்கல் செய்தியில "ஸீலண்ட்ல பிறந்தவர்"னு இருந்துச்சு. எங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல ஸீலண்ட்னு ஒரு ஊரே இருக்கு, 1847-ல டச்சுக்காரங்க வந்து உருவாக்கினது, அதனால இங்கதான் பிறந்திருக்கார்னு நெனச்சு சர்ச் பதிவு, கவுண்டி பதிவுன்னு தேடினேன், ஒண்ணும் கெடைக்கல. மிச்சிகன்ல பிறப்புப் பதிவே 1867-லதான் ஆரம்பிச்சுது, அதனால இல்லாததையும் நான் சந்தேகப்படல. கடைசியில 1900 சென்சஸ்ல அவர் அமெரிக்கா வந்த வருஷம் 1867-ன்னு தெளிவா போட்டிருந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, அவங்க சொன்னது நெதர்லாந்துல இருக்குற ஸேலந்த் மாகாணம், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான். ஹாலண்ட், ட்ரெந்தெ, ஃப்ரீஸ்லாந்து, ஓவரைசல்னு இந்தப் பக்கம் பாதி ஊருக்கு அவங்க விட்டுட்டு வந்த ஊர் பேர்தான், அதனால பழைய பேப்பர்ல ஊர் பேர் பாத்தா எந்தக் கரையைச் சொல்றாங்கன்னு ரெண்டு தடவ யோசிங்க.

மாகாணம் தெரிஞ்சதும் வேலை வேகமா போச்சு. நெதர்லாந்துல 1811-ல இருந்து பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் அரசாங்கப் பதிவு உண்டு, அதுவும் ரெண்டு பிரதி, ஒண்ணு ஊராட்சியில, ஒண்ணு கோர்ட்டுல. பிறப்பு 100 வருஷம், கல்யாணம் 75, சாவு 50 வருஷம் தாண்டினா யார் வேணா பாக்கலாம். நான் அதிகமா பயன்படுத்தினது வீ வாஸ் வீ, ஓப்பன் ஆர்க்கைவ்ஸ், ஃபேமிலிசர்ச்ங்கிற மூணு சைட்டும்தான், சாதாரணத் தேடலுக்கு மூணுலயும் காசு கட்ட வேண்டாம். பேர் தேடும்போது ஒரு விஷயம், வான் டெர், டி மாதிரி முன்னொட்டு எல்லாம் அங்க தனி, அதுக்கு அப்புறம் வர்ற சொல்லைத்தான் தேடணும், இங்க வந்தப்புறம் எல்லாத்தையும் ஒட்டி வேண்டர்னு ஆக்கிட்டாங்க. கப்பல்ல குடியேற வந்தவங்களை நியூயார்க்ல சோதிச்ச எல்லிஸ் ஐலண்ட்ல ஆபீசர் பேரை மாத்திட்டான்னு எங்க வீட்டுலயும் ஒரு கதை உண்டு. எல்லிஸ் ஐலண்ட் தொறந்ததே 1892-ல, இவங்க வந்தது அதுக்கு 25 வருஷம் முன்னாடி. மாத்தினது இவங்களேதான், கொஞ்சம் கொஞ்சமா, சர்ச் பதிவுல பாத்தா ஒவ்வொரு பிள்ளை ஞானஸ்நானத்துக்கும் ஸ்பெல்லிங் வேற.

இன்னொண்ணு, பொம்பளைங்க பேர்ல தேடுங்க. டச்சுப் பதிவுல ஒரு பொண்ணு சாகுற வரைக்கும் பிறந்த வீட்டுப் பேர்லதான் இருப்பா. ஒரே பேர்ல பத்து யான், பத்து பீட்டர் இருக்குற மாகாணத்துல பொண்டாட்டி பேரையும் சேத்துப் போட்டாதான் நம்ம ஆள் கெடைப்பார். எனக்கு அப்படித்தான் ஸேலந்த்ல கூஸ்ங்கிற ஊர் பக்கத்துல ஒரு கிராமம் கெடைச்சுது, பீட்டரோட அப்பா அம்மாவுக்கு அங்க 1858-ல கல்யாணம்.

அங்கயே பீட்டர் விஷயமும் தெரிஞ்சுபோச்சு. முதல் பையனுக்கு அப்பாவோட அப்பா பேர வெக்கிறது அவங்க வழக்கம், நம்ம ஊர்ல பேரன்ங்கிற சொல்லே அப்படி வந்ததுதானே. 1859-ல பிறந்த பீட்டர் ஏழு மாசத்துல போயிட்டான், அடுத்த பையனுக்கு அதே பேர், அவனும் ரெண்டு வயசு முடியல, அப்புறம் மூணாவது. தாத்தா பேர் அத்துப்போகக் கூடாதுன்னு மூணு தடவ வெச்சிருக்காங்க. டச்சு சாவுப் பதிவுல எதனால செத்தாங்கன்னு எழுத மாட்டாங்க, ஆனா அந்தக் காலத்துல ஸேலந்த்ல உப்புத்தண்ணி, மலேரியான்னு கைக்குழந்தைங்க சாவு ரொம்ப அதிகம். இதை மாமியார்கிட்ட சொன்ன அன்னிக்கு அவங்க பைபிளைத் தொறந்து அந்த மூணு வரியையும் விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க, ரொம்ப நேரம்.

நீங்க ஒரே ஒரு ஆவணம்தான் பாக்கப் போறீங்கன்னா கல்யாணத்தோட சேத்து வெச்ச பேப்பர்களைப் பாருங்க, டச்சுல ஹூவலக்ஸ்பெய்லாகன்னு சொல்லுவாங்க. இது பேர் போட்டுத் தேடினா வராது, அதனால நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. கல்யாணப் பதிவோட நம்பரைக் குறிச்சுக்கிட்டு, ஃபேமிலிசர்ச்ல அந்த ஊர் அந்த வருஷத்து ஸ்கேனைப் பக்கம் பக்கமா புரட்டணும், எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. மாப்பிள்ளைக்கு, அதாவது பீட்டரோட அப்பாவுக்கு, 22 வயசு, அப்பா அம்மா இல்ல, சம்மதம் குடுக்க தாத்தா பாட்டியும் இல்லைன்னு நிரூபிக்க அவங்க சாவுச் சான்று வரைக்கும் உள்ள வெச்சிருக்காங்க, ஒரே கட்டுல மூணு தலைமுறை! ராணுவப் பதிவுச் சீட்டு வேற, அதுல உயரம் 1 எல், 6 பாம், 3 டௌம்னு இருந்துச்சு. ஏதோ பழைய அளவுன்னு முழிச்சேன், பாத்தா அது மீட்டர் கணக்குக்கே அப்ப வெச்ச டச்சுப் பேர்தான், 163 சென்டிமீட்டர். ஆறடிக்கு மேல வளந்த என் வீட்டுக்காரரால நம்பவே முடியல. நீள முகம், நீலக் கண்ணு, சாதாரண மூக்குன்னு ஒவ்வொண்ணா எழுதியிருக்காங்க. போட்டோவே இல்லாத ஒரு மனுஷனோட முகத்தை அன்னிக்குத்தான் நாங்க பாத்தோம்.

டச்சு தெரியாதேன்னு பயப்படாதீங்க, ஃபாரம் எல்லாம் ஒரே மாதிரிதான், முப்பது நாப்பது சொல் பழகினா போதும். விதவைக்கு அவங்க வேடுவென்னு சொல்றாங்க, எனக்கு அந்தச் சொல்லை மனப்பாடம் பண்ணவே தேவைப்படல.

அடுத்து, போனவங்க பட்டியல். 1847-ல இருந்து 1877 வரைக்கும் நாட்டை விட்டுப் போறவங்க பேர், வயசு, தொழில், மதம், வசதி, போற காரணம் எல்லாத்தையும் மாகாண அரசாங்கம் எழுதி வெச்சுது. ராபர்ட் ஸ்வியெரெங்காங்கிற வரலாற்று ஆசிரியர் அதையெல்லாம் தொகுத்து 1983-ல புத்தகமாவே போட்டார், இந்தப் பக்கம் நூலகத்துல கெடைக்குது. எங்க வீட்டுல எப்பவும் சொல்றது, மதத்துக்காகக் கெளம்பி வந்தோம்னு. 1834-ல அரசாங்கச் சர்ச்சை விட்டுப் பிரிஞ்சவங்க, வான் ரால்டெ பாதிரியார் பின்னாடி 1847-ல வந்து ஹாலண்ட் ஊரை உருவாக்கினவங்க, அவங்களுக்கு அது உண்மை. பட்டியல்ல பீட்டரோட அப்பா பேருக்கு நேரா இருந்தது: கூலித் தொழிலாளி, ஏழை, காரணம் பிழைப்பு. மாமியாருக்கு இதைக் காட்டலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். காட்டினதும் அவங்க படிச்சுட்டு, "அப்ப ரெண்டு பிள்ளைய அங்க புதைச்சுட்டு, மூணு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்திருக்காங்க" அப்படின்னாங்க. அதுக்கப்புறம் மதக் கதையை அவங்க யார்கிட்டயும் சொல்லிக் கேக்கல.

காசு கட்டின விஷயத்தையும் சொல்லிடுறேன். ஒரு பெரிய சைட்ல ரெண்டு வருஷம் சந்தா கட்டினேன், அமெரிக்க சென்சஸுக்கு வசதி, டச்சுப் பக்கம் இலவசமா கெடைக்கிறதுதான் அங்கயும். அடுத்தவங்க போட்ட குடும்ப மரத்தை அப்படியே காப்பி பண்ணாதீங்க, வேற மூணு பேர் போட்ட மரத்துல எங்க 1864 பீட்டர், ரெண்டு வயசு முடியாம செத்த பீட்டரோட பிறந்த தேதியோட இருக்கார்.

இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறது 1811-க்கு முன்னாடி. அப்ப சர்ச் பதிவுதான் ஆதாரம், ஸேலந்த் தலைநகர் மிடல்பர்க்ல இருக்குற ஆவணக் காப்பகத்துல இருந்ததுல நிறைய 1940 மே 17 தீயில போயிடுச்சு, எங்க கிராமத்தோடதும் அதுல சேர்த்தி. மாப்பிள்ளையோட தாத்தா சாவுப் பதிவுல அவரோட அப்பா அம்மா பேர் இருக்கு, அதோட நிக்குது. அவரோட பொண்டாட்டி பக்கம் வேற தீவு, அங்க புத்தகம் தப்பிச்சிருக்கு, இந்தக் குளிர்காலத்துக்கு அதை எடுத்திருக்கேன். மாமியாரும் பக்கத்துல உக்காந்து பழைய கையெழுத்து படிக்கப் பழகுறாங்க.