டெஸ்ட் டிரைவுக்கு ஒரு வண்டி, டெலிவரிக்கு வேறொன்று

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் குடும்பத்துக்கு எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பாலக்காட்டில் ஒரு ஷோரூமில் எங்களுக்கு நடந்தது இது.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது டாப் வேரியண்ட். புக் செய்தது நடு வேரியண்ட். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மனைவி நேராகவே கேட்டாள். "சன்ரூஃப் மாத்ரம் இல்லா சேச்சி, பாக்கி எல்லாம் உண்டு" என்றார் சேல்ஸ்மேன்.

சன்ரூஃப் எங்களுக்கு வேண்டவே வேண்டாம். மாமனார் நெல்லியாம்பதி எஸ்டேட்டில் இருக்கிறார். போத்துண்டி அணையைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் மூடுபனி. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளாமல் ஓரிரு வினாடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட், பின்கண்ணாடிக்கு வைப்பர், கண்ணாடியில் படியும் பனி ஈரத்தைச் சூடாக்கிப் போக்கும் டீஃபாகர். இதற்காகத்தான் அந்த வண்டியையே பார்க்கப் போனோம்.

டெலிவரி அன்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் டீஃபாகரின் மெல்லிய கோடுகள் இல்லை. வைப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. ஹில் ஹோல்டும் கிடையாது.

மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆக்சஸரியாகப் போட்டுத் தருகிறோம்" என்றார். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கேமரா, சீட் கவர் எல்லாம் அப்புறம் போடலாம், சரி. ஹில் ஹோல்ட் அப்படியா? அது இஎஸ்சி என்கிற பிரேக் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து வேலை செய்வது. ஃபேக்டரியிலேயே வர வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக்கும் அப்படித்தான். வெளியில் ஒயரை வெட்டி எதையாவது மாட்டினால் வாரண்டிக்கும் வம்பு.

இப்போது நம்பர் பிளேட் மாட்டித்தான் வண்டியைக் கையில் கொடுக்கிறார்கள். டெலிவரி அன்று கண்டுபிடித்தால் வண்டி ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, புது வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்குப் போய், வாங்கும் வேரியண்டையே திறந்து பாருங்கள். முடியாது என்றால் முழுப்பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு முக்கியமான வசதிகளை புக்கிங் ஃபாரத்தில் எழுதச் சொல்லி சீல் வாங்குங்கள். பிரோஷரை நம்பாதீர்கள், படத்தில் இருப்பது எல்லா வேரியண்டிலும் வராது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்சூரன்ஸையும் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

சமாதானத்துக்கு ஃப்ளோர் மேட்டும் ஒரு இலவச சர்வீஸும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டோம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறது. வேரியண்ட் வித்தியாசத்தைக் கேட்டு அனுப்பிய வாட்ஸப் செய்திகளையும் அவர்கள் பதிலையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அதுதான் சாட்சி.