நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா? இதயத்துக்கு எது?

முதலில் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை.

நல்லெண்ணெய்: 100 கிராமில் சுமார் 14 கிராம்.
தேங்காய் எண்ணெய்: 80 கிராமுக்கு மேல்.

இது சின்ன வித்தியாசமே இல்லை. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே நிறைவுற்ற கொழுப்பு 11 கிராம் ஆகிவிடும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவோ நாள் முழுவதற்கும் சுமார் 22 கிராம்தான். தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ரத்தக்குழாயில் படியும் எல்டிஎல்லையும் சேர்த்தே கூட்டும்.

“அந்தக் காலத்தில் தேங்காயிலேயே வாழ்ந்தார்களே?” சரி, பசிபிக்கின் டோக்கெலாவ் தீவினரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள், மாரடைப்பு அரிதாகவே இருந்தது. ஆனால் கூடவே மீன், கிழங்கு, உடலுழைப்பு. சர்க்கரை மிகக் குறைவு. நாம் அதில் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கலோரி: இரண்டிலும் ஒன்றே, கிராமுக்கு 9.
வாசனை: புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய், அவியலுக்குத் தேங்காய் எண்ணெய்.

எல்டிஎல் கூடியவர்கள் தினசரி சமையலுக்கு நல்லெண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அளந்து ஊற்றுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பவர்கள் அவியலை இறக்கும்போது ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் தாராளமாக விடலாம். பொரிக்க மட்டும் வேண்டாம்.