சர்க்கரை கிளினிக்குக்கு எந்த ஃபண்டஸ் கேமரா?

கண்ணின் உட்புற விழித்திரையைப் படம் எடுப்பது ஃபண்டஸ் கேமரா. ரெமிடியோ நிறுவனத்தின் ஸ்மார்ட்போன் வகை ‘ஃபண்டஸ் ஆன் ஃபோன்’ பற்றிப் பேச்சு எடுத்தால், 2015-இல் வெளியான சென்னை ஆய்வு வராமல் இருக்காது. சர்க்கரை நோயாளிகள் 301 பேருக்கு அந்தக் கேமராவிலும் ஜைஸ் எஃப்எஃப்450 பிளஸ் மேசைக் கேமராவிலும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். ஜைஸ் படத்தில் ரெட்டினோபதி (சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு) தெரிந்தவர்களில் 92.7 சதவீதம் பேரைப் போன் கேமராவும் பிடித்தது. தெரியாதவர்களில் 98.4 சதவீதம் பேருக்கு ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது. பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்துக்கு மட்டும் பார்த்தால் 87.9, 94.9. நல்ல மார்க்தான். ஆனால் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை (கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளை) விரித்து, கண்ணுக்கு ஏழு படம் எடுத்து வாங்கிய மார்க் அது. சொட்டு விடாமல் ஒரே ஒரு படம் எடுக்கும் இடத்தில் அதே 92.7-ஐ எதிர்பார்க்கக் கூடாது.

சொட்டு தேவையில்லை என்று விற்கப்படும் மேசைக் கேமராக்களுக்கும் பாப்பா ஓரளவு விரிந்தாக வேண்டும். டாப்கான் என்டபிள்யூ400-க்கு 4 மில்லிமீட்டர், சிறு பாப்பா மோடில் 3.3. பல வருடம் சர்க்கரை உள்ளவருக்கு இருட்டறையில் உட்கார வைத்தாலும் அந்த அளவு வராமல் போகும். அப்போது படத்தின் ஒரு பக்கம் பிறை வடிவில் கருக்கும். ஓரம் நீலம் கலந்த வெள்ளையாகப் பூத்தால் கேமராவுக்கும் கண்ணுக்கும் தூரம் சரியில்லை. முன்பின் நகர்த்தினால் போய்விடும். இரண்டு கண் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் அது ரத்தக்கசிவு அல்ல, லென்ஸில் தூசி. படம் முழுக்க மங்கலாக இருந்தால் பெரும்பாலும் கண் புரை, லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. முதல் ஃபிளாஷிலேயே இரண்டு பாப்பாவும் சுருங்கிவிடும், எனவே மறு கண்ணுக்குச் சில நிமிடம் விடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ட்ரோபிகமைட் சொட்டு, 20 முதல் 30 நிமிடம் காத்திருப்பு. விடும் முன் டார்ச் அடித்து கண்ணின் முன்னறையின் (ஐரிஸுக்கு முன்னால் உள்ள இடம்) ஆழத்தைப் பார்த்துவிட வேண்டும். அங்கே கோணம் குறுகியவர்களுக்குக் கண் அழுத்தம் திடீரென ஏறலாம்.

போன் கேமராப் படங்களை, ரெட்டினோபதியைத் தானாகக் கண்டறியும் ஐஆர்ட் மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் 296 பேர். நோய் உள்ளவர்களைப் பிடித்தது 95.8 சதவீதம், இல்லாதவர்களைச் சரியாக விட்டது 80.2. முந்தைய 92.7-ஐ விட இது பெரிய எண், ஆகவே மென்பொருள் மனிதரை மிஞ்சிவிட்டது என்று படிப்பவர்கள் உண்டு. தப்பு. முதல் ஆய்வுக்கு உரைகல் ஜைஸ் படம். இரண்டாவதற்கு உரைகல், அதே போன் படங்களைப் பார்த்துக் கண் டாக்டர்கள் சொன்ன முடிவு. போன் கேமராவில் பதியாமலே போன கசிவு இந்தக் கணக்கில் ஏறவே ஏறாது.

80.2-ஐயும் லேசாக எடுக்க வேண்டாம். முகாமுக்கு வரும் 1000 பேரில் 150 பேருக்கு ரெட்டினோபதி என்று வைத்துக்கொள்வோம். 144 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் தவறிப்போவார்கள். நோயே இல்லாத 850 பேரில் 168 பேரையும் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லும். கண் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில், ஒருமுறை வீணாக அலைந்தவர் அடுத்த முறை சொன்னால் கிளம்பமாட்டார்.

எந்த ஆய்வைக் காட்டினாலும் ஒன்றைக் கேளுங்கள்: தெளிவில்லாத படங்களை என்ன செய்தார்கள்? கணக்கிலிருந்து நீக்கியிருந்தால் சதவீதம் தானாக உயரும். கிளினிக்கில் நீக்க முடியாது. படம் தெரியவில்லை என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவதே விதி.

விழித்திரையை மிக அகலமாகப் படம் எடுக்கும் ஆப்டாஸ் கேமரா சொல்லும் 200 டிகிரியை மற்ற கேமராக்களின் 45 டிகிரியோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஒன்று கண்ணின் நடுவிலிருந்து அளப்பது, மற்றது பாப்பாவிலிருந்து. ஓரத்து ரத்தக்குழாய்க் கோளாறுகளைப் பார்க்க ஆப்டாஸ் அருமையான கருவி. வழக்கமான வண்ணப் படம் சிவப்பு, பச்சை லேசரால் மட்டும் உருவாவதால் நிறம் அசலாக இருக்காது. கீழ்ப்பக்கம் இமைமயிரும் மறைக்கும். நிறம் முக்கியம் என்றால் இன்னொரு அகலக் கேமராவான ஜைஸ் கிளாரஸ் தேவலை. சாதாரண சர்க்கரை கிளினிக்குக்கு இரண்டுமே அதிகப்படி.

மாகுலா (கூர்மையான பார்வைக்கான விழித்திரையின் நடுப்பகுதி) வீக்கத்தை இவற்றில் எதுவும் அளக்காது. மாகுலா நடுவுக்கு அருகே மஞ்சள் படிவு இருந்தால் சந்தேகப்படலாம், உறுதிப்படுத்த விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் வேண்டும்.

எங்கள் தேர்வு: தாடை தாங்கியுடன் பொருத்திய போன் கேமரா, கூடவே சொட்டு விடத் தெரிந்த ஒரு டெக்னீஷியன். டெமோவை விற்பனையாளரோடு வந்த இளைஞரின் கண்ணில் பார்க்காதீர்கள். அறுபதைத் தாண்டிய, லேசாகப் புரை உள்ள உங்கள் நோயாளிகள் பத்துப் பேரிடம் பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லிப் பார்க்க வேண்டாம். அது சுருக்கியதில் மைக்ரோஅனியூரிசம் (நுண் ரத்தக்குழாய் வீக்கம்) போன்ற சின்னப் புள்ளிகள் அழிந்துவிடும். அசல் ஃபைலாகவே வாங்கி, பச்சை சேனலில் (படத்தின் பச்சை நிறப் பகுதி மட்டும்) பெரிதாக்கிப் பாருங்கள்.