"எல்லாம் ஒன்றோடொன்று சேரும்" என்று சொல்லி விற்ற கடை: ஸ்மார்ட் வீடு திட்டமிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜிக்பீ, இசட்-வேவ், வைஃபை என வெவ்வேறு கம்பியில்லாத் தொடர்பு முறைகளில் இயங்கும் கருவிகளை வாங்கி, அவற்றை ஒரே கட்டுப்பாட்டின்கீழ் தாமே இணைத்துக்கொள்ளத் திட்டமிடுபவர்கள், பெரம்பூர்ப் பக்கமுள்ள ஒரு கடை எனக்கு என்ன விற்றது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. என் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் வகுத்த திட்டம் சிக்கலானதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமும் இணையமும் கைபேசிச் சேவையும் சேர்ந்தே போனதைப் பார்த்த பிறகு, இணையம் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டரின் துணையில் இயங்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனையாக இருந்தது. ஆகவே ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியில், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, விளக்குகளுக்கு ஜிக்பீ சுவிட்சுகள், கதவுகளுக்கும் சம்புக்கும் இசட்-வேவ் சென்சார்கள், மோட்டாருக்கு வைஃபை சுவிட்ச் என்று பிரித்து வைத்தேன். ஜிக்பீயும் இசட்-வேவும் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டா. ஒவ்வொன்றுக்கும் கணினியில் செருகும் தனி யுஎஸ்பி ரேடியோ வேண்டும், இரண்டையும் மென்பொருளே நடுவில் நின்று இணைக்கும். வேறிடத்தில் வாங்கிய ஜிக்பீ சுவிட்சுகளும் இரண்டு யுஎஸ்பி ரேடியோக்களும் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கின்றன. வில்லங்கம் முழுவதும் மற்றவற்றில்தான்.

என் பட்டியலைப் படித்துப் பார்த்த கடைக்காரர், "சார், இதெல்லாம் மேட்டர் சப்போர்ட், எதோட வேணும்னாலும் சேரும்" என்றார். மேட்டர் என்பது அமேசான், ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான, பல நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று சேர்வதற்கான பொதுத் தரம். மேட்டர் கருவி என்றால் அதற்கென்று ஒரு க்யூஆர் குறியும், வழக்கமாக 11 இலக்கங்கள் கொண்ட இணைப்பு எண்ணும் கருவியின் மீதோ பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். எனக்கு வந்த பெட்டிகளில் கடையே அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர் மட்டுமே இருந்தது. "குறி எங்கே?" என்று கேட்டதற்கு, அப்டேட் வந்ததும் தானாக வரும் என்று பதில் கிடைத்தது. அந்த வைஃபை சுவிட்சுகள் வெளிநாட்டுச் சர்வரின் வழியாக மட்டுமே இயங்குபவை. ரௌட்டரில் இணையக் கம்பியைப் பிடுங்கியவுடன் கைபேசிச் செயலியில் அனைத்தும் சாம்பல் நிறமாகிச் செயலிழந்துவிட்டன.

இசட்-வேவ் சென்சார்களில் நடந்தது இதைவிட மோசம். இம்முறையின் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இத்தகைய கருவிகள் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்டிருப்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை. 908 என்பதோ கைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் பட்டைக்குள் விழுகிறது. எனக்குக் கொடுக்கப்பட்டவை யாரோ பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அமெரிக்கச் சரக்கு. கடையில் அவை இயங்கிக் காட்டின என்பது உண்மைதான், ஆனால் அங்கே மேசையில் செருகியிருந்த யுஎஸ்பி ரேடியோவும் அமெரிக்க அலைவரிசையினது என்பதை அவர்கள் சொல்லவில்லை. நான் வைத்திருந்த இந்திய ரேடியோவுக்கு அந்தச் சென்சார்கள் கண்ணுக்கே தெரியவில்லை. முதலில் என் ரௌட்டரின் மேல் பழி போட்டார்கள், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அது ஜிக்பீயோடு வேண்டுமானால் மோதும், இசட்-வேவோடு மோத வழியே இல்லை என்று நான் சொன்னதும், அந்தச் சென்சார்களோடு பேசும் தங்கள் கன்ட்ரோலரையும் வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கன்ட்ரோலரின் விலையைக் கேட்டபோதுதான், தெரியாமல் செய்த வியாபாரம் இது இல்லை என்று புரிந்தது.

மூன்றாவது, உண்மையில் ஆபத்தானது. எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் விடியற்காலையில் சம்பில் நிரம்பும். அங்கிருந்து 1 எச்பி மோட்டார் மேல் தொட்டிக்கு ஏற்றும். அதற்கு 10 ஆம்பியர் என்று அச்சிடப்பட்ட வைஃபை சுவிட்சையே கடை தன் ஆளை அனுப்பிப் பொருத்தியது. "ஒன் எச்பி அஞ்சு ஆறு ஆம்ப்ஸ்தான் சார் இழுக்கும், தாராளமா தாங்கும்" என்று உறுதியளித்தார்கள். அந்த 10 ஆம்பியர் என்பது விளக்கு, ஹீட்டர் போன்றவற்றுக்கான அளவு. மோட்டார் புறப்படும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அந்தத் தீப்பொறியில் உள்ளே இருக்கும் ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சின் முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததைப் போல ஒட்டிக்கொள்ளும். அதுவே நடந்தது. சம்பு காலியானதும் செயலியில் அணைக்கும் கட்டளையைக் கொடுத்தேன், அதுவும் 'ஆஃப்' என்று காட்டியது, ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. செயலி காட்டுவது ரிலேக்குப் போன கட்டளையை, முனைகள் பிரிந்தனவா என்பதை அல்ல. தண்ணீர் இல்லாமல் ஓடிப் பம்பின் சீல் கருகிய பிறகு, வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன் சுவிட்சைப் பிரித்துக் காட்டி, "அண்ணே, இது லைட்டுக்குப் போடுறது, இதுல மோட்டார ஏத்தக் கூடாது" என்றார். இப்போது மோட்டார் வகைச் சுமைக்கான, ஏசி-3 என்று குறிக்கப்பட்ட காண்டாக்டர் எனும் கனரகச் சுவிட்சும், மிகை மின்னோட்டத்தில் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயும் போட்டிருக்கிறோம். ஒரு ஜிக்பீ ரிலே காண்டாக்டரை இழுக்கும் காயிலை (கம்பிச் சுருளை) மட்டும் இயக்குகிறது. இதற்கான செலவு கடைக்காரர் வாங்கிய தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இவற்றுக்கிடையில் தற்செயலாகக் கவனத்துக்கு வந்தது இன்னொன்று: வைஃபை சுவிட்சுகளும் வாசல் கேமராவும் கடை ஊழியரின் கைபேசிக் கணக்கில் பதிவு செய்யப்பட்டு, நான் வெறும் 'உறுப்பினராக' மட்டும் சேர்க்கப்பட்டிருந்தேன். எங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதை அந்த இளைஞர் எங்கிருந்தும் பார்த்திருக்க முடியும். உரிமையாளர் கணக்கை மாற்றித் தரச் சொன்னபோது, முதலில் வருடாந்தரப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும் என்றார்கள். சுவிட்சுகளைப் பொத்தானை நெடுநேரம் அழுத்தி விடுவித்துக்கொண்டேன். கேமரா அப்படி விடுபடவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கடை கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத 'எஸ்டிமேட்' தாள். முறையான பில்லை எழுத்தில் கேட்டுப் பெறும்வரை மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தேன், அந்தப் பில்தான் இப்போது என் கையிலிருக்கும் சான்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். கடை அதற்குப் பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இதே சென்சார்கள் அக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் இப்போதும் விற்பனைக்கு இருக்கின்றன, மேலே அதே 'மேட்டர்' ஸ்டிக்கர். வாங்க நினைப்பவர்கள் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் 908.42 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் உங்கள் சொந்த ரேடியோவைக் கொண்டுபோய், கடையின் இணையத்தை அணைக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னால் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் அதற்கு ஒப்புக்கொண்டவர் ஜிக்பீ சுவிட்ச் விற்றவர் மட்டுமே.