மாங்காய் லோடு கணக்குக்கு டேட்டாடேபிள்ஸ் தாங்குமா?

கிருஷ்ணகிரியில் மண்டிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவது, வெப் பக்கத்தில் அட்டவணை காட்டும் டேட்டாடேபிள்ஸ் பிளகினைத்தான். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தெரிந்தால் போதும். இலவசம், எம்ஐடி உரிமம். தேடல், வரிசை, பக்கம் பிரித்தல் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். தமிழ் மொழிக்கோப்புகூட உண்டு. டெமோவில் ஐம்பது லோடு பளிச்சென்று ஓடும். மே முதல் ஜூலை வரை சீசன் நடந்தால்தான் வண்டவாளம் தெரியும்.

தினம் 400 லோடு, 90 நாள் சீசன் என்று வைத்தால் 36,000 வரி. நான்கு வருடத்தில் 1,44,000. இயல்பான அமைப்பில் அத்தனையும் பிரவுசருக்கே வந்து இறங்கும். எடைமேடை ரூமில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். வேண்டிய வரிகளை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கும் 'சர்வர்சைட்' ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் பக்கத்துக்கு 25 வரி மட்டும் வரும். இது பாதி வேலைதான். மீதியை இந்தப் பிளகின் செய்யாது, நாம்தான் செய்யவேண்டும்.

ஒவ்வொரு லோடுக்கும் விவசாயி, ஊர், பட்டுவாடா என்று மூன்று டேபிள் தொடர்பு. லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் லூப்புக்குள் அவற்றைத் தொட்டால் 25 லோடுக்கு 1 + 75, ஆக டேட்டாபேஸுக்கு 76 குவெரி. 'வித்' போட்டு முன்கூட்டியே எடுத்தால் 4. ஸ்க்ரீனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. குவெரி லாகைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் டேபிள்களை இணைக்கும் ஒரே ஜாயினில் அடைத்தால் வேறு வம்பு. சந்தூரிலிருந்து 8.240 டன் பெங்களூரா ரக மாங்காய் ஒரு லோடு. அட்வான்ஸ், ரொக்கம், செக் என மூன்று பட்டுவாடா. லெஃப்ட் ஜாயின் செய்ததும் அது மூன்று வரியாகும், கூட்டினால் 24.720 டன். லிமிட் 25 என்பதும் 25 லோடு இல்லை, 25 ஜாயின் வரி. பல வரிகளை ஒன்றாக ஒட்டும் குரூப் கான்கேட்டில் மடக்கிப் போடலாம் என்றால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அதன் இயல்பு அளவு 1,024 பைட். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் போவதால், குறிப்பு நீண்டால் வால் வெட்டுப்படும். இந்த இடத்தில்தான் டேட்டாடேபிள்ஸின் 'சைல்டு ரோ' கை கொடுக்கிறது: வரியில் ப்ளஸ் குறியைத் தட்டும்போது அந்த லோடின் பட்டுவாடாவை மட்டும் ஏஜாக்ஸில் (பக்கத்தை மறுபடி திறக்காமல்) வாங்கிக் கீழே விரிக்கலாம். என் கணக்கில் இந்தப் பிளகினின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான்.

கடைசிப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார் வந்தால் காரணம் ஆஃப்செட். 1,43,975 வரியைத் தாண்டிப் போ என்றால் மைஎஸ்க்யூஎல் அத்தனையும் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் 25ஐத் தரும். தேதி, ஐடி இரண்டும் சேர்த்து இண்டெக்ஸ் போட்டு, முதலில் 25 ஐடியை மட்டும் எடுத்து, பிறகு மற்ற டேபிள்களோடு சேருங்கள். வரிசைப்படுத்தவும் தேதி மட்டும் போதாது, ஐடியும் வேண்டும். ஒரே நாளில் 400 லோடு இருக்கிறதே, பக்கம் மாறும்போது ஒரே வரி இரண்டு முறை வரலாம். விவசாயி பெயரில் வரிசைப்படுத்தும் அம்பை அணைத்துவிடுங்கள். அது இன்னொரு டேபிளின் காலம் (நெடுவரிசை), இந்த இண்டெக்ஸ் உதவாது.

தேடல் பெட்டி அடுத்த தலைவலி. சர்வர்சைடில் 400 மில்லி செகண்டுக்கு ஒரு தேடல் போகும். 'முருகன்' என்று அடித்து முடிப்பதற்குள் நாலைந்து போய்விடும். இரண்டு பக்கமும் சதவீதக் குறி வைத்த லைக் தேடல் இண்டெக்ஸைத் தொடாது. சீட்டு எண், ஊர், ரகம் என்று தனித்தனி ஃபில்டர் வையுங்கள். கோரிக்கையை போஸ்ட்டில் அனுப்புங்கள்: 12 காலம் என்றால் காலத்துக்கு 6 வீதம் 72 அளபுருக்கள், யூஆர்எல்லில் ஒரு தமிழ்க் குறி 9 எழுத்தாக வீங்கும், நீளம் மிஞ்சினால் 414 பிழை.

எக்செல் பட்டனை நம்பிக் கணக்கரிடம் கொடுக்காதீர்கள். சர்வர்சைடில் அது கண்முன் இருக்கும் 25 வரியை மட்டுமே இறக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. அதே ஃபில்டரோடு சர்வரிலிருந்து ஆயிரம் ஆயிரம் வரியாக எழுதித் தரும் தனி டவுன்லோடு லிங்க் போடுங்கள்.